நடக்காததை விற்பவன்

குடும்ப விசேஷங்களில் யாராவது என் மைத்துனனைக் காட்டி, "தம்பி என்ன தொழில் பண்ணுது?" என்று கேட்டுவிட்டால் சிறியதொரு சங்கடம் உண்டாகும். "ஃபயர் அலாரம் பிசினஸ்" என்பான் அவன். கேட்டவர், "ஓ, அந்தச் செவப்பு சிலிண்டரா?" என்பார். "இல்லைங்க, அது அணைக்கிறது. நான் விக்கிறது சொல்றது" என்று அவன் பதில் சொல்வான். கேட்டவருக்கு அது விளங்கியிருக்காது. ஆனாலும் தலையாட்டிவிட்டுப் பந்திக்கு நகர்வார். பல ஆண்டுகளாக நானும் அப்படித் தலையாட்டி நகர்ந்தவர்களில் ஒருவன்தான்.

தென்மாவட்டத்து அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் தமிழ் கற்பிக்கிறேன். சொற்களோடு வாழ்பவன் என்னும் செருக்கு எனக்கு உண்டு. அதை இங்கே ஒளிக்க வேண்டியதில்லை. மின்னணுவியலில் பட்டயம் பெற்று, 2005-இல் மதுரை மேல வெளி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் கடை தொடங்கியவனை நான் வியாபாரி என்றுதான் மனத்துக்குள் வகைப்படுத்தி வைத்திருந்தேன். ஒருமுறை பள்ளி விடுமுறைக்கு வந்திருந்த என் மகள், "மாமா, நீங்க விக்கிறது வேலை செஞ்சா என்ன ஆகும்?" என்று அவனைக் கேட்டாள். "வேலை செய்யுற மாதிரி நேரமே வரக்கூடாதும்மா. நான் நடக்காததை விக்கிறவன்" என்றான். வியாபாரிக்கும் வாக்கு வாய்த்துவிடுகிறதே என்று அன்று எனக்குச் சற்றுப் பொறாமையாகக்கூட இருந்தது. அந்த வாக்கியத்தின் பொருள் 2018-ஆம் ஆண்டு அக்டோபரில்தான் எனக்கு முழுமையாக விளங்கியது. அதைச் சொல்வதற்கே இக்கட்டுரை. அதற்கு முன்னால் அவன் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

*

மேலைநாட்டுத் திரைப்படங்களில் வீட்டுக் கூரையில் ஒட்டியிருந்து கிறீச்சிடும் சிறு கருவியைப் பார்த்திருப்பீர்கள். அதில் மூக்கும் தொண்டையும் ஓருடலில் இருக்கின்றன. அங்காடியில் வாங்கிவந்து மின்கலம் செருகினால் போதும். மருத்துவமனை, கல்லூரி, ஜவுளிக்கடை போன்ற பெரிய கட்டடங்களில் உள்ளது வேறு வகை. மூக்குகள் நூற்றுக்கணக்கில் கூரைதோறும் இருக்கும். அவற்றை இணைக்கும் கம்பி கட்டடம் முழுதும் ஓடி வாசலருகே உள்ள ஒரு பெட்டியில் முடியும். பேனல் எனப்படும் அந்தப் பெட்டிதான் மூளை. 'ஹூட்டர்' என்று அவர்கள் சொல்லும் ஊதுகுழல்தான் தொண்டை. சுவரில் கண்ணாடியிட்ட சிவப்புப் பெட்டிகள் மனிதருக்காக. கருவிக்கு முன்னால் கண்ணால் கண்டுவிட்டவர் உடைத்து அழுத்த வேண்டியவை.

இவ்வளவும் ஒரே தொழிற்சாலையிலிருந்து வருவதில்லை. வந்தாலும் ஒரே கையால் வருவதில்லை. உற்பத்தியாளர் பயன்படுத்துபவருக்கு நேராக விற்பது அரிது. அவரிடமிருந்து சரக்கு ஒரு மாநிலத்துக்கோ பல மாநிலங்களுக்கோ உரிய விநியோகஸ்தருக்கு வருகிறது. அவர் கிடங்கில் இருப்பு வைத்து, கடனுக்கும் கொடுத்து, என் மைத்துனன் போன்ற ஊர் டீலர்களுக்கு அனுப்புகிறார். டீலர் கட்டடத்தின் வரைபடத்தைப் பார்த்து எந்த அறைக்கு எந்த மூக்கு, எத்தனை, எங்கே என்று குறித்து, ஆள்வைத்துக் கம்பி இழுத்து, மாட்டி, சோதித்து ஒப்படைக்கிறார். பல வேளைகளில் டீலருக்கும் கட்டடத்துக்கும் நடுவில் மின்வேலைக் கான்ட்ராக்டர் ஒருவரும் இருப்பார்.

"ஏன் இவ்வளவு சுற்று? கம்பெனியே நேராக விற்கக் கூடாதா?" என்று நான் கேட்டதுண்டு.

"அத்தான், இது மிக்ஸி இல்ல. பெட்டியில இருக்கிறப்போ இது பாதிச் சரக்குதான். மாட்டி, சோதிச்சு, கையெழுத்து வாங்கினப்புறம்தான் முழுச்சரக்கு. அந்த மீதிப் பாதியைக் கம்பெனி செய்ய முடியாது, நாங்கதான் செய்யணும்" என்றான்.

அதனால்தான் உற்பத்தியாளர்கள் விற்பனைக் கூட்டாளிகளை அழைத்துப் பயிற்சி கொடுத்துச் சான்றிதழ் வழங்குகிறார்கள். அவன் கடைச் சுவரில் சட்டமிட்டுத் தொங்கும் நான்கைந்து தாள்கள் அவைதாம். விற்பனையைப் பாராட்டிக் கொடுத்தவை என்று நெடுநாள் நினைத்திருந்தேன்.

இங்கிலாந்தில் ஹாவன்ட் என்னும் ஊரில் 1980-இல் தொடங்கப்பட்ட அப்பல்லோ என்னும் நிறுவனத்தை அவன் அடிக்கடி எடுத்துக்காட்டுவான். அது உணர்விகளில் கருத்தைச் செலுத்தி, பேனலைப் பிறர் செய்யட்டும் என்று விட்டுவிட்டது. உணர்வியும் பேனலும் பேசிக்கொள்ளும் மின்மொழியையும் பிற உற்பத்தியாளர்களுக்குத் திறந்து வைத்தது. வேறு பல நிறுவனங்கள் தம் மூக்கு தம் மூளையோடு மட்டுமே பேசும்படி பூட்டி வைக்கின்றன. பூட்டிய மொழியை வாங்கிய கட்டடம் ஆயுள் முழுதும் அதே வீட்டு மருமகளாக இருக்க வேண்டியதுதான் என்பான். மொழியைத் திறந்து வைப்பதா, பூட்டி வைப்பதா என்னும் வழக்கு நம் துறையில் மட்டும்தான் உண்டு என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன்!

இத்தொழிலின் வரலாறும் சுவையானது. எடிசனின் உதவியாளர்களுள் ஒருவரான ஃபிரான்சிஸ் ராபின்ஸ் அப்டன், தானாக ஒலிக்கும் மின் தீயறிவிப்பானுக்கு 1890-இல் காப்புரிமை பெற்றபோது, அமெரிக்க அலுவலகத்தார் அதன் தலைப்பில் ஓரெழுத்தை மாற்றிவிட, 'ஃபயர்' என்பது 'டயர்' ஆயிற்று. ஏட்டுப் பிழைகளோடு மல்லாடும் நமக்கு இது ஆறுதலான செய்தி. 1930-களின் பிற்பகுதியில் சுவிட்சர்லாந்தில் வால்டர் யேகர் என்னும் இயற்பியலாளர் நச்சுவாயுவை உணரும் கருவி ஒன்றைச் செய்ய முயன்றார். வாயுவைச் செலுத்தியும் முள் அசையவில்லை. சலிப்பில் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார். அசைந்தது என்று சொல்கிறார்கள். அவரும் எர்ன்ஸ்ட் மைலியும் 1941-இல் தொடங்கிய நிறுவனத்துக்குச் செர்பரஸ் என்று பெயர் வைத்தார்கள். கிரேக்கத் தொன்மத்தில் பாதாள உலகின் வாயிலைக் காக்கும் மூன்று தலை நாயின் பெயர் அது. உள்ளே போனவர் திரும்பி வராமல் தடுப்பது அந்த நாயின் வேலை. இந்தக் கருவிக்கோ உள்ளே இருப்பவரை வெளியே விரட்டும் வேலை. ஜப்பானில் 1918-இல் தோன்றிய ஹோச்சிகி என்னும் நிறுவனத்தின் பெயருக்கு 'அறிவிக்கும் கருவி' என்பதே பொருள். அலங்காரம் ஏதுமில்லாத அந்தப் பெயர் எனக்கு மிகவும் பிடித்தது.

*

தீ ஒரே பொருளன்று, படிப்படியாக வளர்வது என்பதை அவன் எனக்கு விளக்கிய மாலை நினைவிருக்கிறது. முதலில் கண்ணுக்குத் தெரியாத துகள்கள். பின்பு புகை. பின்பு சுடர். கடைசியில் வெப்பம். ஒவ்வொரு படிக்கும் ஒரு கருவி.

அவன் சொல்லச் சொல்ல என் மனம் வேறொரு பட்டியலைப் போட்டுக்கொண்டிருந்தது. கமறல், பொசுங்கல், தீய்ந்த வாடை, புகைச்சல், கங்கு, தணல், கொள்ளி, சுடர், அனல், நீறு பூத்த நெருப்பு. நம் அடுப்படிகளும் கொல்லுப்பட்டறைகளும் தீயின் படிநிலைகளுக்குத் தனித்தனியே சொல் வைத்திருக்கின்றன. கமறல் என்று ஒருத்தி முகம் சுளிக்கும்போது இன்னும் எதுவும் எரியவில்லை; ஆனால் எரியப்போகிறது. அந்த முகச்சுளிப்பைத்தான் இவர்கள் பிளாஸ்டிக் கிண்ணத்துக்குள் அடைத்து விற்கிறார்கள்.

கிண்ணத்தின் உட்புறத்தையும் திறந்து காட்டினான். கறுத்த, வளைந்து வளைந்து செல்லும் சுவர்களையுடைய சிறிய அறை. ஒரு மூலையில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை விட்டுவிட்டு உமிழும் ஒரு சிறு விளக்கு. இன்னொரு மூலையில் ஒளியை உணரும் கண். விளக்கு அந்தக் கண்ணை நேராகப் பார்க்காதபடி கோணலாக வைத்திருக்கிறார்கள். காற்று தூயதாக இருக்கும்வரை அந்தக் கண் இருளிலேயே இருக்கும். புகை நுழைந்தால் அதன் துகள்களில் பட்டு ஒளி சிதறும். சிதறிய ஒளியில் கொஞ்சம் கண்ணில் விழும். கதவிடுக்கில் வரும் வெயிலில் தூசு மின்னுவதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா, அதேதான். பழைய வகையில் அமெரிசியம்-241 என்னும் கதிரியக்கத் தனிமத்தின் மிகச் சிறு அளவு இருக்கும். அது காற்றை மின்னேற்றி ஒரு மெல்லிய மின்னோட்டத்தை உண்டாக்கும். புகை அதைக் குறைக்கும். அந்தத் தனிமத்தின் அரை ஆயுள் ஏறத்தாழ 432 ஆண்டுகள். கட்டடமும் அதைக் கட்டியவர் பெயரும் மறைந்த பின்னும் அது பாதி விழித்திருக்கும்.

சமையற்கட்டில் புகையுணர்வி ஆகாது. தாளித்த உடனே ஊரைக் கூட்டிவிடும். அங்கே வெப்பவுணர்விதான் வைக்க வேண்டும். பொதுவாக 57 பாகை செல்சியஸ் அளவில் விழித்துக்கொள்ளும் அது. தொழிற்சாலையிலிருந்து ஒரு மாதிரி வெளியே வருமுன் எத்தனை நெருப்புகளைக் கடக்கிறது தெரியுமா என்று கேட்டான். ஐரோப்பியத் தரநெறியான இ.என்.54-இல் புகையுணர்விகளுக்கு நான்கு சோதனைத் தீக்கள் உண்டு: சூடான தட்டின் மீது கருகும் மரத்துண்டுகள், பொசுங்கும் பருத்தித் திரிகள், எரியும் நுரைமெத்தை, ஹெப்டேன் என்னும் எரிதிரவம். நான்கையும் அது கண்டறிந்து சொல்லியாக வேண்டும். சீதைக்கு ஒன்றுதானே என்றேன். அவன் சிரிக்கவில்லை. தொழிலைப் பேசும்போது அவன் சிரிப்பதில்லை.

*

அவன் இத்தொழிலுக்கு வந்ததற்கு 2004 ஜூலை 16 ஒரு காரணம். கும்பகோணத்தில் பள்ளியொன்றின் கீற்றுக்கூரை பற்றி 94 குழந்தைகள் மாண்ட நாள். அந்தக் கூரைக்கு எந்த உணர்வியும் உதவியிருக்காது என்பதை அவனே சொல்வான். கீற்றின் வேகம் எந்தக் கருவியின் வேகத்தையும்விடப் பெரிது; அங்கே தேவைப்பட்டவை கீற்றில்லாத கூரையும் அகலமான வழிகளும். எனினும் அதற்குப் பிறகு பள்ளிகளும் மருத்துவமனைகளும் கூரையை அண்ணாந்து பார்க்கத் தொடங்கின. 2011 டிசம்பரில் கொல்கத்தா மருத்துவமனை ஒன்றில் அடித்தளத்தில் பிடித்த தீயின் புகை மாடிகளுக்கு ஏறிப் படுக்கையில் இருந்த நோயாளிகள் ஏறக்குறைய 90 பேரைக் கொன்றது. அந்த வாரம் முழுவதும் அவன் கடைக்குத் தொலைபேசி அழைப்புகள் வந்தன. அடுத்த மாதம் வரவில்லை. 'எங்க தொழில்ல சீசன் அப்படித்தான் அத்தான்' என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

2018 பிப்ரவரி 2-ஆம் நாள் இரவு மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் கடைகள் எரிந்தன. நாயக்கர் காலத்துக் கற்றூண்கள் வெடித்தன. கூரையின் பகுதிகள் இடிந்து விழுந்தன. கல்லும் எரியும் என்பதை ஊர் அன்று பார்த்தது. மதுரையும் தீயும் என்றால் தமிழாசிரியனுக்குக் கண்ணகி நினைவுக்கு வராமல் இருக்க முடியுமா? ஆனால் கண்ணகி ஏவிய தீ அறிவுடைய தீ. யாரையெல்லாம் விட்டுவிட வேண்டும் என்று அவளிடம் கட்டளை பெற்றுச் சென்ற தீ அது. முதியோர், குழந்தைகள், பசுக்கள் என்று பார்த்துப் பார்த்து எரிந்தது. நம் கட்டடங்களில் பிடிக்கும் தீக்கு அந்தப் படிப்பு கிடையாது.

அவ்வாண்டுக் கோடையில் எங்கள் கல்லூரி நிர்வாகமும் விழித்துக்கொண்டது. தீ அறிவிப்பு அமைப்பு வேண்டும் என்று முடிவாயிற்று. மூன்று நிறுவனங்களிடம் விலைப்புள்ளி கேட்டார்கள். என் மைத்துனனிடம் சொன்னேன். "அத்தான் வேலை பாக்குற இடத்துல நான் வந்தா உங்களுக்குத்தான் பேர் கெடும்" என்று மறுத்துவிட்டான். மூன்றில் குறைந்த விலைக்குரியவரே தேர்வானார். அதில் தவறில்லை, விதி அதுதான். அவர் வாங்கிப் பொருத்திய உணர்விகளும் போலிகள் அல்ல, முறையான முத்திரையுள்ள நல்ல சரக்கு. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு.

எங்கள் துறைக்கென்று ஒரு நூலகமும் அதையொட்டி ஒரு வைப்பறையும் உள்ளன. பொறுப்பாளன் நான். பொருத்துகிற நாளில் வைப்பறைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். நாள் தள்ளிப்போனதற்குக் காரணம் நாங்களே. புதிய உணர்விகளைத் தொழிற்சாலையிலேயே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் மூடியிட்டு அனுப்புகிறார்கள். கட்டட வேலையின் தூசு உள்ளே போகாமல் காப்பதற்காக வைக்கும் மூடி அது. கண்ணில் படவேண்டும் என்பதற்காகவே ஆரஞ்சு, சிவப்பு என்று அடர்நிறத்தில் செய்கிறார்கள். வேலை முடிந்து அமைப்பை இயக்கும் நாளில் அதைக் கழற்றிவிட வேண்டும். "சார், பெயின்ட் வேலை முடியட்டும், அப்புறம் கழட்டிக்கலாம்" என்றார் பொருத்த வந்தவர். சரிதானே என்றேன்.

ஜூன் மாதம் ஒப்படைப்புத் தாள் வந்தது. கட்டடத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கையெழுத்து. வாசலில் பேனலில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நடைபாதையில் ஓர் உணர்வியின்கீழ்ப் புகை அடித்துக் காட்டினார்கள், ஊதுகுழல் கட்டடத்தையே அதிரவைத்தது, மாணவர்கள் கைதட்டினார்கள். 'சோதித்துப் பெற்றுக்கொண்டேன், நல்ல நிலையில் இயங்குகிறது' என்ற வரியின்கீழ்க் கையெழுத்திட்டேன். வைப்பறைக்குள் நான் போகவில்லை. போயிருந்தால் வெள்ளையான கூரையில் ஆரஞ்சு நிறத்தில் அது தெரிந்திருக்கும்.

*

அக்டோபர் 18, ஆயுத பூசை. முதல் நாளே வைப்பறையைப் பெருக்கிப் பொட்டிட்டுப் பொரி வைத்துப் படைத்தோம். அடுத்த நாளும் விடுமுறை. குழல்விளக்கை அணைக்காமலேயே பூட்டிவிட்டோம். யார் கடைசியில் வந்தது என்று பின்னாளில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன், கடைசியில் பூட்டியவன் நான்தான். அது பழைய செப்புச்சுருள் சோக்கு உள்ள விளக்கு. இரண்டு நாள் தொடர்ந்து எரிந்ததில் சூடேறி, உள்ளிருந்த தார் உருகி, கீழே அடுக்கியிருந்த பழைய விடைத்தாள் கட்டுகளின் மேல் சொட்டியிருக்கிறது. சுடர்விட்டு எரியவில்லை. பல மணி நேரம் கனன்று, கருகி, புகைந்து கொண்டிருந்திருக்கிறது. ஒளிச்சிதறல் வகை உணர்வி மிக நன்றாக அறியக்கூடிய தீ எது என்றால் அந்தப் புகைச்சல்தான்.

வெள்ளிக்கிழமை இரவு பத்து மணியளவில் காவலாளி நடைபாதையில் பொசுங்கல் வாடையை உணர்ந்தார். சாவி என் வீட்டில். அவர் எனக்காகக் காத்திருக்கவில்லை. பூட்டை உடைத்து, வாளியோடும் சிலிண்டரோடும் உள்ளே போய் அணைத்தார். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் படியில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். கையில் கொப்புளம். ஐம்பத்தெட்டு வயதான அந்த மனிதரின் மூக்குதான் அன்றிரவு எங்கள் கட்டடத்தில் இயங்கிய ஒரே உணர்வி.

விடைத்தாள்களோடு மூன்று மரப்பெட்டிகளும் போயின. அவற்றைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். எங்கள் துறையில் ஓய்வுபெற்ற மூத்த பேராசிரியர் ஒருவர், முப்பதாண்டுகளாக ஊர் ஊராய்ப் போய்த் தொழில்சார் வழக்குச் சொற்களைச் சேகரித்தவர். கொல்லர், குயவர், நெசவாளர், பனையேறிகள், உப்பளத்தார் என்று பகுத்து, சொல்லுக்கு ஓர் அட்டையாகத் தம் கையால் எழுதிப் பதினொரு பெட்டிகளில் அடுக்கித் துறைக்கு அளித்திருந்தார். படியெடுக்க வேண்டும், கணினியில் ஏற்ற வேண்டும் என்று நான் நான்காண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். வருமுன் காவாதவன் வாழ்க்கையைத் தீயின் முன்னிட்ட வைக்கோற்போருக்கு ஒப்பிடும் குறளை இருபதாண்டுகளாக வகுப்பில் நடத்துகிறேன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

*

மறுநாள் காலையில் மைத்துனன் வந்தான். நான் அழைக்கவில்லை; மனைவி சொல்லியிருக்கிறாள். ஒன்றும் பேசாமல் ஏணியைச் சாய்த்து ஏறினான். கரி படிந்த உணர்வியின்மேல் கை வைத்தவன் சற்று நேரம் அப்படியே நின்றான். பிறகு எதையோ கழற்றிக்கொண்டு இறங்கி என் உள்ளங்கையில் வைத்தான். வெளிப்புறம் கறுத்த, உட்புறம் இன்னும் பளிச்சென்று ஆரஞ்சு நிறமாயிருந்த மூடி.

"பேனலில் பச்சை எரிந்ததே, மாப்பிள்ளை?" என்றேன்.

"பச்சைங்கிறது கம்பி நல்லா இருக்குன்னுதான் அர்த்தம் அத்தான். வயரோட கடைசியில ஒரு ரெசிஸ்டர் இருக்கும். சின்னதா ஒரு கரண்ட் எப்பவும் சுத்தி வந்துக்கிட்டே இருக்கும். வயர் அறுந்தா, டிடெக்டரைக் கழட்டினா அதுக்குத் தெரியும். மூக்கைப் பொத்தி வச்சிருந்தா தெரியாது. அதை ஆளுதான் பாக்கணும்."

பின்பு, என்னிடம் சொல்வதுபோல் அல்லாமல், அந்த மூடியைப் பார்த்துச் சொன்னான்: "ஃபேக்டரியில ஒரு பொண்ணு இதுக்குள்ள லென்ஸ் சரியா இருக்கான்னு பாத்திருக்கும். ஒருத்தன் புகை விட்டுச் சோதிச்சு நம்பர் போட்டிருப்பான். கப்பல், லாரி, குடோன், கடை. அத்தனை பேரும் அவங்கவங்க வேலையைச் செஞ்சுட்டாங்க. கடைசி ஒரு விரல் வேலை."

குற்றம் யாருடையது என்று அவன் சொல்லவே இல்லை. பொருத்தியவர் மீது வழக்குப் போடலாம் என்றார்கள் சிலர். அவரிடம் என் கையெழுத்து இருந்தது. அன்றிரவு எனக்கு நினைவில் ஓடியது பாண்டியன் அவைதான். சிலம்பை அவன் வரவழைத்துப் பார்க்கவில்லை. உடைத்துப் பார்த்திருந்தால் உள்ளே முத்தா மாணிக்கமா என்பது அப்போதே தெரிந்திருக்கும். அவன் தீயவன் அல்லன். பொற்கொல்லன் சொன்னதை நம்பி ஒரு சொல் சொன்னான், அவ்வளவுதான். நெடுஞ்செழியனை வகுப்பில் எத்தனை முறை குற்றவாளிக் கூண்டில் ஏற்றி மாணவர்களைத் தீர்ப்புச் சொல்லச் செய்திருக்கிறேன்! பார்க்காமல் இட்ட கையெழுத்துக்கு என்ன விலை என்று அறிந்திருந்தும் நான் இட்டேன்.

கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழுதுபட்ட ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதாகத் தமக்குச் சொல்லப்பட்ட செய்தியை உ.வே.சா. 'என் சரித்திர'த்தில் எழுதியிருக்கிறார். அதைப் படித்துப் பதறாத தமிழ் மாணவன் இல்லை. யாழ்ப்பாண நூலகம் 1981-இல் எரிக்கப்பட்டதை எண்ணிப் பொருமாதவரும் இல்லை. அவையெல்லாம் ஒரு நம்பிக்கையாலோ ஒரு வெறியாலோ நேர்ந்தவை. ஆள் வைத்த தீக்கு அறிவிப்புக் கருவியால் என்ன செய்ய முடியும்? என் அறையில் எரிந்ததற்கு அப்படிப் பெரிய காரணம் எதுவுமில்லை. அலட்சியம் என்ற சொல்கூட அதற்குச் சற்றுப் பெரிதுதான்.

*

பேராசிரியரிடம் நானே போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. அப்போது அவருக்கு எண்பத்து மூன்று வயது. திண்ணையில் சாய்வு நாற்காலியில் இருந்தார். மூடி என் சட்டைப்பையில் இருந்தது. ஏன் எடுத்துப்போனேன் என்று தெரியவில்லை.

நான் சொல்லி முடிக்கும்வரை அவர் குறுக்கே பேசவில்லை. "யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?" என்றார். காவலாளியின் கையைச் சொன்னேன். "மருந்து போட்டீங்களா?" என்றார். நெடுநேரம் கழித்து, "எந்தப் பெட்டி, தம்பி?" என்று கேட்டார்.

"கொல்லுப்பட்டறை, குயவர், உப்பளம். மூன்றும், ஐயா."

அவர் கண்களை மூடிக்கொண்டார். முப்பதாண்டு உழைப்பில் பத்தாண்டு போயிற்று என்று கணக்கிடுகிறார் என நினைத்தேன். "உப்பளத்து ஆளுங்க இன்னும் இருக்காங்க. போய்க் கேட்டுக்கலாம். கொல்லுப்பட்டறைதான் தம்பி கஷ்டம். சொன்னவங்க ஒருத்தரும் இப்ப இல்ல" என்றார். என்னைக் கடிந்து ஒரு சொல் சொல்லியிருந்தால் எவ்வளவோ எளிதாயிருந்திருக்கும்.

அடுத்த வாரத்திலிருந்து முதுகலை மாணவர்கள் இருவர் இருவராக அவர் வீட்டுக்குப் போனார்கள். நினைவில் இருந்தவற்றை அவர் சொல்லச் சொல்ல எழுதினார்கள். கைப்பேசியில் குரலையும் பதிந்தார்கள். சில நாள் இருபது சொல் வரும். சில நாள் ஒன்றும் வராது. மூன்று பெட்டிகளில் ஏறக்குறைய ஒரு பெட்டியளவு மீண்டது. 2021-இல் அவர் மறைந்தார். எஞ்சிய எட்டுப் பெட்டிகளும் மீண்ட ஒன்றும் இப்போது படியெடுக்கப்பட்டு இரண்டு இடங்களில் உள்ளன. இதைச் சாதனையாகச் சொல்லவில்லை. நான்காண்டுகள் முன்பே முடித்திருக்க வேண்டிய வேலை அது.

இப்போது ஆண்டுக்கு இருமுறை எங்கள் கட்டடத்தில் சோதனை நடக்கிறது. நீண்ட கோலின் முனையில் ஒரு கிண்ணமும் அதற்குள் சோதனைப் புகை அடிக்கும் குப்பியும் இருக்கும். ஒவ்வோர் உணர்விக்கும் அதை உயர்த்திப் பிடிப்பார்கள். மாதிரிக்கு ஒன்றிரண்டு போதும் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புவதில்லை. ஒவ்வொன்றின் எண்ணையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி, ஊதுகுழல் ஒலித்த பின்னரே எதிரில் கோடிடுகிறேன். முழுநாள் பிடிக்கும். காது அடைத்துப்போகும். பணிமூப்படைந்த தமிழாசிரியர் ஏணியடியில் நின்று எண் சரிபார்ப்பதைக் கண்டு இளைய சகாக்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

போன பொங்கலுக்கு மைத்துனன் வீட்டுக்கு வந்திருந்தபோது புதிதாக மணமான உறவினர் ஒருவர் வழக்கம்போல, "தம்பி என்ன தொழில்?" என்று கேட்டார். அவன் வாயைத் திறக்குமுன் நான் சொல்லத் தொடங்கிவிட்டேன். மூக்கு, மூளை, தொண்டை, கம்பியின் கடைசியில் உள்ள மின்தடை, மூடி என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நெளிந்தார். தலையாட்டினார். பந்திக்கு நகர வழி பார்த்தார்.

"விடுங்க அத்தான், சாப்பிடட்டும்" என்றான் மைத்துனன்.

அவரை விட்டேன். போகிற போக்கில் அவர் ஒரு கணம் அண்ணாந்து எங்கள் வீட்டுக் கூரையைப் பார்த்ததை நான் கவனித்தேன். அங்கே மின்விசிறியைத் தவிர ஒன்றுமில்லை.